அமெரிக்க வளாகப் போராட்டங்கள்: வலதுசாரிகளின் நிலைப்பாடு ஒன்றா, பலவா? அதிபர் தேர்தலில் அதற்கு எவ்வளவு எடை?

பனித்துளி கேட்டது:

அமெரிக்கப் பல்கலைக்கழகப் போராட்டங்களைப் பற்றி அங்குள்ள வலதுசாரிகள் எழுதுவதை வரிசையாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. 2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யன்னோபோலஸ் பேசவிருந்த கூட்டம் கலவரத்தால் ரத்தானது. அப்போது பேச்சுரிமை பறிபோனது என்று கொதித்தார்கள். 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காசா போரை எதிர்த்து மாணவர்கள் டென்ட் போட்டதும் போலீஸை அழைக்கச் சொன்னார்கள். 2025-இல் ஆராய்ச்சி மானியம் நின்றது, வெளிநாட்டு மாணவர்கள் சிலர் கைதானார்கள். அதற்கும் ஒரு பகுதியினர் கைதட்டினார்கள்.

கேட்க நினைப்பது மூன்று:

1. இது முரண்பாடா, அல்லது உள்ளே ஏதாவது தர்க்கம் இருக்கிறதா?
2. ஓர் அதிபரால் வளாகத்துக்குள் உண்மையில் என்ன செய்ய முடியும்?
3. 1968-இல் மாணவர் கலவரம்தான் குடியரசுக் கட்சியின் நிக்சனை அதிபர் தேர்தலில் ஜெயிக்க வைத்தது, 2024-இலும் அதுதான் நடந்தது என்கிறார்களே, சரியா?

கட்சிச் சண்டை வேண்டாம். சட்டம், தேதி, நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் போதும்.

---

சட்டப்பித்தன் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். "வலதுசாரி" என்ற ஒரே பெயரில் மூன்று கூட்டம் நிற்கிறது. ஒழுங்குதான் முதலில் என்பவர்கள் ஒரு கூட்டம். பேச்சுரிமைதான் முதலில் என்பவர்கள் இன்னொன்று. பல்கலைக்கழகமே இடதுசாரிகளின் கைக்குப் போய்விட்டது, பணத்தை நிறுத்தித்தான் திருத்த முடியும் என்பது மூன்றாவது. 2017-இல் மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள். 2024-இல் முதல் இருவருக்குள் உரசல் வந்தது. 2025-இல் இரண்டாவதும் மூன்றாவதும் நேராகவே மோதிக்கொண்டன.

பேச்சுக்காரரைக் கூச்சல் போட்டு நிறுத்துவதும், புல்வெளியில் டென்ட் அடித்து மறிப்பதும் அவர்கள் பார்வையில் ஒரே வகை. இரண்டுமே கருத்து அல்ல, அடுத்தவரைத் தடுக்கும் செயல். ஆகவே 2017-இல் சொன்னதற்கும் 2024-இல் சொன்னதற்கும் இடையே முரண் இல்லை என்பது அவர்கள் வாதம். சட்டமும் ஓரளவு அந்தப் பக்கம்தான். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவில், வீடற்றவர்களுக்காக டென்டில் தூங்கிப் போராட அனுமதி கேட்ட வழக்கில், 1984-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. கருத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்தும் விதியாக இருந்தால், நேரம், இடம், முறை மூன்றையும் அரசு கட்டுப்படுத்தலாம்.

ஆனால் அந்த விதி எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். யாராவது "விதியை மீறினார்கள், அதனால் கைது" என்று சொன்னால் நான்கு விஷயம் பாருங்கள். விதி போராட்டத்துக்கு முன்பே எழுத்தில் இருந்ததா? அதே விதியை வேறு கருத்துடைய கூட்டத்தின் மேலும் பிரயோகித்தார்களா? கலைந்து போகச் சொல்லி, போவதற்கு நேரமும் வழியும் கொடுத்தார்களா? கைதான ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியாகப் பதிவு இருக்கிறதா? நான்காவதில்தான் பல வழக்குகள் சரிகின்றன. 2024 ஏப்ரல் 24 அன்று டெக்சஸ் ஆளுநர் அபட் மாநிலப் போலீஸை டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்குள் அனுப்பினார். 57 பேர் கைது. அத்துமீறல் வழக்குகளுக்குப் போதிய முகாந்திரம் இல்லை என்று கவுன்டி வழக்கறிஞர் அத்தனையையும் கைவிட்டார்.

டெக்சஸில் இன்னொரு வேடிக்கை உண்டு. வலதுசாரிப் பேச்சாளர்களை வளாகங்கள் தடுக்கின்றன என்ற புகாரால், அரசுப் பல்கலைக்கழகங்களின் திறந்தவெளிகளைப் பொது மேடையாக ஆக்கும் சட்டத்தில் 2019-இல் கையெழுத்திட்டவரும் இதே அபட்தான். 2025-இல் அதே மாநிலச் சட்டமன்றம் இரவு 10 முதல் காலை 8 வரை வளாகத்தில் கருத்து வெளிப்பாட்டுக்கே தடை என்று சட்டத்தைத் திருப்பி எழுதியது. அதை அமலாக்க விடாமல் அக்டோபரில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை போட்டார். முரண்பாடு வேண்டுமென்றால் கொலம்பியாவைவிட இங்கேதான் தெளிவாகக் கிடைக்கும்.

பலர் தவறும் இடம் ஒன்று: பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டும். பெர்க்லி, ஆஸ்டின், ஃபுளோரிடா அரசு நிறுவனங்கள். கொலம்பியாவும் ஹார்வர்டும் தனியார். அங்கே மாணவர் நீட்டக்கூடியது அந்தப் பல்கலைக்கழகம் தன் கையேட்டில் எழுதிக் கொடுத்த வாக்குறுதியைத்தான். கலிஃபோர்னியா ஒரு விலக்கு. அங்கே 1992-இன் லெனர்ட் சட்டம், மதசார்புக் கல்லூரிகள் நீங்கலாகத் தனியார் கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய அதே பாதுகாப்பைக் கொடுக்கிறது.

---

ஏட்டுச்சுவடி பதில்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நிக்சன் கதையைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

தொடக்கம் நிக்சன் இல்லை, பின்னாளில் அதிபரான ரீகன். 1966-இல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் பெர்க்லி குழப்பத்தைச் சுத்தம் செய்வேன் என்று ஊர் ஊராகச் சொன்னார். கிட்டத்தட்ட 10 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1967 ஜனவரியில், பதவியேற்ற மூன்றே வாரத்தில், ஆட்சிமன்றக் குழு பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர்ரை நீக்கியது. இது வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க மாநில ஆளுநர் தேர்தலில் நின்று வென்று வருபவர். அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட், ஆட்சிமன்றக் குழு நியமனம், தேசியக் காவல்படை எல்லாம் அவர் கையில். சொன்னதைச் செய்துகாட்ட முடியும்.

1968-இல் கொலம்பியாவில் மாணவர்கள் ஹாமில்டன் ஹால் என்ற கட்டடத்தைப் பிடித்தார்கள். ஏப்ரல் 30 அதிகாலை போலீஸ் நுழைந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. (2024-இலும் அதே ஹாமில்டன் ஹால், அதே ஏப்ரல் 30. போராடியவர்களுக்கு வரலாறு தெரியாமல் இல்லை.) ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே அடிதடி. நவம்பரில் நிக்சன் 43.4 சதவீதம், ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி 42.7. வித்தியாசம் சுமார் ஐந்து லட்சம் வாக்கு. மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸ் தனியாக 13.5 சதவீதம் எடுத்தார். வியட்நாம் போர், நகரக் கலவரங்கள், மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி படுகொலைகள், அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டியிலிருந்து விலகல் எல்லாம் அதே ஆண்டு. இதில் மாணவர் போராட்டத்தை மட்டும் உருவி எடுத்து எடை போட எந்தத் தராசும் இல்லை.

விட்டுவிடுகிற பாதி இது. அதிபரான பிறகு நிக்சன் 1969 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், வளாக ஒழுங்கைக் காப்பது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு, கூட்டாட்சி அரசு அமலாக்கக் காவலனாக வரக்கூடாது என்கிற கருத்தைத்தான் எழுதினார். பிரசாரத்தில் கோபம், பதவியில் கைகழுவல். அன்றைய பழமைவாதத்தின் உள் தர்க்கம் அது: வாஷிங்டன் எதிலும் தலையிடக்கூடாது. இன்றைய நிலைப்பாட்டோடு ஒப்பிட்டால் இதுதான் பெரிய மாற்றம்.

1970 மே 4, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஒஹாயோ தேசியக் காவல்படை 13 வினாடிகளில் 67 குண்டுகள் சுட்டது. 4 மாணவர்கள் இறந்தார்கள், 9 பேர் காயம். படையை அனுப்பியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜேம்ஸ் ரோட்ஸ். முந்தைய நாள் வளாக நகரிலேயே நின்று போராட்டக்காரர்களை நாஜிக் குண்டர் படையைவிட மோசமானவர்கள் என்று பேசியிருந்தார். மே 5 அன்று செனட் வேட்பாளர் தேர்வுக்கான உட்கட்சித் தேர்தல். கடுமை வாக்காகும் என்ற கணக்கு பலிக்கவில்லை, குறுகிய வித்தியாசத்தில் தோற்றார். அந்த நவம்பர் காங்கிரஸ் தேர்தலுக்கு நிக்சனும் துணை அதிபர் அக்னியூவும் "ஒழுங்கு" என்ற ஒரே சுருதியில் பாடினார்கள். பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சி 12 இடம் இழந்தது, ஆளுநர் பதவிகளும் நிறையப் போயின.

இவ்வளவுக்கும் கென்ட் ஸ்டேட் பற்றி அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்களைத்தான் குறை சொன்னார்கள். போராட்டக்காரர் மேல் எரிச்சல் இருப்பது வேறு, அதற்காகக் கட்சி மாறி ஓட்டுப் போடுவது வேறு. குழப்பத்துக்கு ஆட்சியில் இருப்பவரைத்தான் மக்கள் பொறுப்பாக்குகிறார்கள். 1968-இல் அது ஜனநாயகக் கட்சி. 1970-இல் நிக்சன்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

ஏட்டுச்சுவடி கடைசியில சொன்னதுதான் 2024-க்கும் சாவி. அதுல எண்களை மட்டும் சேர்க்கிறேன்.

2024 வசந்தத்துல ஹார்வர்ட் எடுத்த இளைஞர் கருத்துக்கணிப்புல, 18-29 வயசுக்காரங்களுக்கு முக்கியமான பிரச்சினைகள் விலைவாசி, மருத்துவம், வீட்டு வசதி. இஸ்ரேல்-பாலஸ்தீனம் கடைசி வரிசையில இருந்தது. நவம்பர்ல வாக்குச்சாவடி வாசல்ல எடுத்த கணிப்புல வெளியுறவுக் கொள்கைதான் முதல் பிரச்சினைன்னு சொன்னவங்க 4 சதவீதம். டிவியில அது தேசத்தையே உலுக்கின மாதிரி தெரிஞ்சதுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்ப குடியரசுக் கட்சி ஏன் அதை விடாம பிடிச்சுது? மூணு உபயோகம் இருந்துச்சு.

ஒண்ணு, படம். எல்லைல குழப்பம், ஊர்ல குற்றம், கேம்பஸ்ல டென்ட், எல்லாத்தையும் பைடன் ஆட்சியில கட்டுப்பாடு இல்லைன்னு ஒரே சட்டகத்துக்குள்ள வைக்கலாம். மே 1 அன்னிக்கு விஸ்கான்சின் கூட்டத்துல ட்ரம்ப், கொலம்பியாவுல போலீஸ் நுழைஞ்சதைப் பார்க்க அழகா இருந்துச்சுன்னு பேசினது அந்த வரிசைதான். மறுநாளே பைடன், போராட உரிமை உண்டு, அராஜகத்துக்கு உரிமை இல்லைன்னு அறிக்கை கொடுத்தார். தேசியக் காவல்படையை அனுப்ப மாட்டேன்னும் சொன்னார்.

ரெண்டு, எதிர்க்கட்சியைப் பிளக்கறது. மிச்சிகன் ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல்ல யாருக்கும் ஆதரவில்லைன்னு குத்தினவங்க ஒரு லட்சத்துக்கு மேல, சுமார் 13 சதவீதம். நவம்பர்ல ட்ரம்ப் அங்கே ஜெயிச்ச வித்தியாசம் சுமார் 80,000. அரபு அமெரிக்கர்கள் அதிகமுள்ள டியர்போர்ன்ல ட்ரம்ப் 42, ஜனநாயகக் கட்சியோட ஹாரிஸ் 36, பசுமைக் கட்சியோட ஜில் ஸ்டைன் 18 சதவீதம். இதை வச்சு "போராட்டம்தான் மிச்சிகனை மாத்துச்சு"ன்னு எழுதறவங்க ஒண்ணைக் கவனிக்கல: ஏழு ஊசலாட்ட மாநிலமும் ட்ரம்ப் பக்கம்தான் போச்சு. மிச்சிகனை ஹாரிஸ் ஜெயிச்சிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அதோட டியர்போர்ன் மக்கள் கோபப்பட்டது காசா போருக்காக, கொலம்பியா புல்வெளிக்காக இல்லை.

மூணு, விசாரணை மேடை. இதுதான் நிஜமா பலன் கொடுத்தது. 2023 டிசம்பர் 5, பிரதிநிதிகள் அவைக் கல்விக் குழு. யூத இனப்படுகொலைக்கு அழைப்பு விடுத்தா உங்க நடத்தை விதியை மீறினதாகுமான்னு குடியரசுக் கட்சி உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக் கேட்டார். ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி தலைவர்கள் மூணு பேரும் சூழலைப் பொறுத்ததுன்னு வக்கீல் பாஷையில பதில் சொன்னாங்க. சட்டப்படி அது தப்பான பதில் இல்லை. ஆனா அதே பல்கலைக்கழகங்கள் சின்னச் சின்ன வார்த்தைக்கெல்லாம் முன்னாடி நடவடிக்கை எடுத்திருந்ததால, அளவுகோல் ரெண்டா இருக்குன்னு வலதுசாரிகள் சொன்னது பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு. நாலே நாள்ல பென்சில்வேனியா தலைவர் மெகில் விலகினார். ஜனவரி 2 அன்னிக்கு ஹார்வர்டோட கிளாடின் கே. அவர் விஷயத்துல எழுத்துத் திருட்டுப் புகாரும் சேர்ந்துக்கிச்சு. ஓட்டு எவ்வளவு மாறுச்சுன்னு அளக்க முடியாது. ரெண்டு தலைவர்கள் போனதை எண்ணலாம்.

அந்த வருஷக் குடியரசுக் கட்சி தேர்தல் அறிக்கையில 20 வாக்குறுதில ஒண்ணு, ஹமாஸ் ஆதரவுத் தீவிரவாதிகளை நாடு கடத்தி வளாகங்களைப் பாதுகாப்பாகவும் தேசப்பற்றுடனும் ஆக்கறது. 2025-ல நடந்த நாடு கடத்தல் நடவடிக்கை அங்கேயே எழுதியிருந்தது.

---

நிதிக்குழாய் பதில்:

இரண்டாவது கேள்வி விடுபட்டுப் போகிறது.

அதிபருக்கு வளாகத்தில் போலீஸ் அதிகாரம் கிடையாது. உள்ளூர் போலீஸ் மேயரிடம், மாநிலப் போலீஸும் தேசியக் காவல்படையும் ஆளுநரிடம். அதிபர் தானே படை இறக்க 1807-இன் கிளர்ச்சிச் சட்டம் போன்ற அபூர்வ வழிகள்தான் உண்டு. 2024 ஏப்ரல் 24 அன்று அவைத்தலைவர் மைக் ஜான்சன் கொலம்பியாவுக்கே வந்து தேசியக் காவல்படை பற்றிப் பேசினாலும், கடைசியில் நுழைந்தது பல்கலைக்கழகம் எழுதிக் கேட்ட பிறகு வந்த நியூயார்க் நகரப் போலீஸ். அதிபரின் கை வளாகத்துக்குள் நீளும் வழி இரண்டே இரண்டு: பணம், விசா.

பணம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, கூட்டாட்சி நிதி பெறும் திட்டங்களில் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. யூத மாணவர்களை வம்சாவளி என்ற வழியில் அதற்குள் கொண்டுவரும் ஆணையை ட்ரம்ப் 2019 டிசம்பரில் போட்டார். நிதியை நிறுத்தும் முறையும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. முதலில் நோட்டீஸ். பிறகு தானாகத் திருத்திக்கொள்ள வைக்கும் முயற்சி. அது முடியாவிட்டால் விசாரணை, பதிவான முடிவு. பிறகு காங்கிரஸின் இரு அவைக் குழுக்களுக்கும் எழுத்தில் அறிக்கை. அதன்பின் 30 நாள். வெட்டும்போதும் குறை கண்ட அந்தத் திட்டத்தின் நிதியை மட்டும்தான் வெட்டலாம்.

2025-இல் இந்தப் படிகளைத் தாண்டினார்கள். மார்ச் 7 அன்று கொலம்பியாவின் 40 கோடி டாலர் மானியம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. கொலம்பியா வழக்குக்குப் போகவில்லை. முகமூடிக் கட்டுப்பாடு, கைது அதிகாரமுள்ள 36 காவலர்கள் என்று இரண்டே வாரத்தில் இறங்கிவந்து, ஜூலையில் மூன்றாண்டுகளில் 20 கோடி, தனியாக 2.1 கோடி டாலர் என உடன்பாடு செய்துகொண்டது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஹார்வர்ட் ஏப்ரல் 14 அன்று முடியாது என்றது. அன்றே 220 கோடி டாலர் முடங்கியது. வழக்கு போட்டது. செப்டம்பர் 3 அன்று கூட்டாட்சி நீதிபதி பரோஸ், முதல் திருத்தமும் ஆறாம் தலைப்பின் நடைமுறையும் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. கொள்கை சரியா தவறா என்பதைவிட, படிக்கட்டைத் தாண்டிக் குதித்ததே அரசுத் தரப்பின் பலவீனமான இடம். நல்ல ஆதாரம் கையில் இருந்தாலும் நோட்டீஸும் விசாரணையும் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது.

காங்கிரஸ் வழியாக வருவது மெதுவானது, ஆனால் உறுதியானது. பெரிய அறக்கட்டளை நிதி உள்ள தனியார் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருமானத்துக்கு 2017-இல் 1.4 சதவீத வரி போட்டார்கள். 2025 சட்டத்தில் அது படிநிலையாகி, ஒரு மாணவருக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் நிதி வைத்திருப்பவர்களுக்கு 8 சதவீதம் ஆனது. 3,000 மாணவர்களுக்குக் கீழே உள்ள கல்லூரிகள் தப்பித்தன. போராட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. நீதிமன்றத்தில் உடைப்பது கடினம்.

விசா. இங்கே மூன்று வெவ்வேறு விஷயத்தைச் செய்திகள் ஒன்றாகக் குழப்புகின்றன. விசா என்பது நாட்டுக்குள் நுழைய வெளியுறவுத் துறை தரும் அனுமதி. மாணவர் பதிவேடு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம். கிரீன் கார்டு நிரந்தரக் குடியிருப்பு. 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பிறகு திருப்பித் தரப்பட்டது பதிவேடு. அதில் பெரும்பாலானவை பழைய போலீஸ் பதிவுகளைச் சலித்ததால் வந்தவை, போராட்டத்தால் அல்ல. போராட்டக்காரர்கள் மேல் எடுத்த ஆயுதம் வேறு: ஒருவர் இருப்பது வெளியுறவுக் கொள்கைக்குக் கேடு என்று வெளியுறவு அமைச்சர் தீர்மானித்தால் வெளியேற்றலாம் என்ற குடியேற்றச் சட்டப் பிரிவு. கிரீன் கார்டு உள்ளவர் மேலும் அதைப் பிரயோகித்தார்கள். நாட்டில் சட்டப்படி இருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்குள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று பாஸ்டனில் ரீகன் நியமித்த நீதிபதி யங் 2025 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பெழுதினார்.

---

வலக்கரை பதில்:

பழமைவாதத் தரப்பிலிருந்து ஒரு சேர்க்கை. போலீஸ், மானியம் என்று மட்டும் பேசினால் அவர்கள் நல்ல முன்மாதிரியாகக் காட்டுவது எது என்று தெரியாமல் போகும்.

அவர்கள் மேற்கோள் காட்டுவது ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தையும் டென்னசியிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தையும். ஃபுளோரிடாவில் முன்னாள் குடியரசுக் கட்சி செனட்டர் பென் சாஸ் தலைவராக இருந்தார். பேசலாம், கோஷம் போடலாம். டென்ட், தூக்கப்பை, கட்டடம் மறிப்பு கூடாது. மீறினால் மூன்றாண்டு வளாகத் தடை என்று முன்கூட்டியே தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். மீறிய 9 பேர் கைது, அதோடு முடிந்தது. கொலம்பியாவில் நடந்ததோ ஏப்ரல் 17 டென்ட், 18 கைது, அன்றே பக்கத்துப் புல்வெளியில் புது டென்ட், பிறகு நாள் கணக்கில் பேச்சுவார்த்தை, கெடு, கெடு நீட்டிப்பு. ஒரு தடவை கடுமை, அடுத்த தடவை கெஞ்சல் என்று மாறிமாறி நடந்தால் இரண்டு பக்கமும் நம்பாது. இதில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் 1967 கால்வன் அறிக்கை. பேராசிரியரும் மாணவரும் எதையும் விமர்சிக்கலாம், பல்கலைக்கழகம் ஒரு நிறுவனமாக அரசியல் விவகாரத்தில் நிலைப்பாடு எடுக்கக்கூடாது என்பது சாரம். ஹார்வர்டே 2024 மேயில் ஏறக்குறைய அந்தப் பக்கம் வந்தது.

உடைப்பு எங்கே என்றால், யூத வெறுப்புக்கு ஒரு குறிப்பிட்ட வரையறையைச் சட்டமாக்கும் மசோதா 2024 மே 1 அன்று பிரதிநிதிகள் அவையில் 320-91 என்று நிறைவேறியபோது எதிர்த்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சி. மேட் கேட்ஸும் மார்ஜரி டெய்லர் கிரீனும் சொன்ன காரணம், சுவிசேஷ வசனங்களே அந்த வரையறைக்குள் மாட்டிக்கொள்ளும் என்பது. நாடு கடத்தல் விஷயத்தில் வலதுசாரி எழுத்தாளர் ஆன் கூல்டரே முதல் திருத்தத்தை நினைவூட்டினார். எல்லா வலதுசாரிகளும் ஒரே குரல் என்று யார் எழுதினாலும் இந்த 21-ஐக் காட்டுங்கள்.

---

பனித்துளி:

நன்றி. ஒன்று மட்டும்: ட்ரம்ப் 2019 மார்ச்சிலேயே வளாகப் பேச்சுரிமைக்காக மானியத்தோடு இணைத்து ஓர் ஆணை போட்டாரே, அதைப் பயன்படுத்தியா 2025-இல் வெட்டினார்கள்?

---

நிதிக்குழாய்:

இல்லை. அந்த ஆணை, அரசுப் பல்கலைக்கழகம் முதல் திருத்தத்தையும் தனியார் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியையும் காப்பதை ஆராய்ச்சி மானியம் தரும் 12 துறைகள் உறுதிசெய்ய வேண்டும் என்றது. அந்தக் கடமை ஏற்கெனவே இருந்ததுதான். 2025-இல் எடுத்தது ஆறாம் தலைப்பையும், அந்த ஜனவரி 29 அன்று போட்ட யூத வெறுப்பு எதிர்ப்பு ஆணையையும். இரண்டு ஆணைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதலாவது எல்லாக் கருத்துக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டாவது, வெளிநாட்டு மாணவர்களின் நடவடிக்கைகளைக் கண்காணித்துத் தெரிவிக்கும் வழிகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அறியத்தரச் சொல்கிறது. கையெழுத்து ஒருவருடையதுதான்.